2 காதிலும் கருவி: சத்தம் எந்தப் பக்கம்? எலிகள் சொன்ன பதில்!

பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. 2 காதும் கேட்பவர் திரும்பிப் பார்க்காமலே சரியான பக்கம் ஒதுங்கி விடுவார். ஒரு காது மட்டும் கேட்பவர் திகைத்து நிற்பார். "ஹாரன் கேட்டுது. எந்தப் பக்கம்னுதான் தெரியலே" என்பார்.

2 காது இருப்பதன் ரகசியம் இதுதான்.

வலப்பக்கம் எழும் சத்தம் வலது காதுக்கு முதலில் போய்ச் சேரும். இடது காதுக்குக் கொஞ்சம் லேட். எவ்வளவு லேட்? ஒரு விநாடியை 1,500 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. அதிகபட்சமே அவ்வளவுதான்! ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட மூளை பிடித்து விடும். தலை மறைப்பதால் அந்தக் காதில் சத்தமும் குறையும். இந்த 2 கணக்கையும் வைத்து மூளை திசை சொல்வதை 1907-ல் இங்கிலாந்து விஞ்ஞானி லார்டு ராலே விளக்கினார்.

ஒரு காதுக்குத்தான்

முழுச் செவிடானவர்களுக்கு உள்காதில் பொருத்துவது 'காக்ளியர்' கருவி. சத்தத்தை மின்சாரத் துடிப்பாக மாற்றி நரம்புக்கு அனுப்பும். 1978-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகர டாக்டர் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். ஆனால் ஒரு காதுக்குத்தான்.

1996-ல் ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகர டாக்டர்கள் 2 காதிலும் வைத்தார்கள். 9 பேரைச் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். இரைச்சலுக்கு நடுவே பேச்சு நன்றாகப் புரிந்தது!

குழந்தைகளுக்கு 2 காதிலும் வைக்கலாம் என்று பிரிட்டனில் 2009-ல் பரிந்துரை வந்தது. ஒரு காதில் வைத்து 1½ வருடத்துக்கு மேல் மறு காதைக் காத்திருக்க வைத்தால், மூளை ஒரு பக்கமே சாய்ந்து விடுகிறது என்று கனடாவில் டொரன்டோ ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் எச்சரித்தார்கள்.

2 தவில்காரர்கள்

ஆனால் ஒரு குறை தீரவில்லை. 2 கருவியும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் 2 தவில்காரர்கள் வாசிப்பது போல! சத்தம் கூடுவது, குறைவது தெரியும். நுணுக்கமான நேர வித்தியாசம் தொலைந்து விடும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரூத் லிட்டோவ்ஸ்கி குழுவினர் 2 காதுக்கும் ஒரே நேரக்கணக்கில் துடிப்பு அனுப்பிப் பார்த்தார்கள். வளர்ந்தபின் செவிடானவர்கள் வித்தியாசத்தை உணர்ந்தார்கள். பிறவியிலேயே கேட்காதவர்கள் தடுமாறினார்கள். "அவர்கள் மூளை பழகவே இல்லையே, இனி பழகுமா?" என்ற சந்தேகம் எழுந்தது.

எலிகள் வென்றன

ஜெர்மனியின் பிரைபர்க், ஹாங்காங் விஞ்ஞானிகள் 2021-ல் பதில் சொன்னார்கள். குட்டியிலேயே செவிடாக்கப்பட்ட எலிகளுக்கு, வளர்ந்த பிறகு 2 காதிலும் கருவி வைத்தார்கள். துடிப்புகளைத் துல்லியமாக நேரம் பிசகாமல் அனுப்பினார்கள். எந்தக் காதில் முந்துகிறதோ அந்தப் பக்கம் போனால் எலிக்குப் பரிசு.

பழக்கியதும், விநாடியில் 20 ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை எலிகள் கண்டுபிடித்தன. காது கேட்கும் எலிகளுக்கு இவை சளைக்கவில்லை!

பிறவிக் குறை மட்டுமே காரணம் அல்ல, கருவி அனுப்பும் நேரக்கணக்கிலும் கோளாறு இருக்கலாம் என்று இதனால் தெரிந்தது. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமா? 2 கருவியையும் ஒரே தாளத்தில் ஓட வைத்தால்தான் தெரியும். பலித்தால், ஹாரன் கேட்டதும் அந்தக் குழந்தையும் சரியான பக்கம் ஒதுங்கி விடும்.