உணவூட்டும் குழாய் கழன்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

கேம்ப் (புனே): வீட்டில் பராமரிக்கப்படும் நோயாளியின் வயிற்றில் பொருத்தப்பட்ட உணவூட்டும் குழாய் தற்செயலாகக் கழன்றுவிட்டால், விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்தானது. குழாய் இருந்த துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். ஒரு நாளுக்குள் மூடிக்கொள்ளவும் கூடும். அதன்பின் புதிய துளையிடும் சிகிச்சை தேவைப்படலாம்.

பக்கவாதம், தலைக்காயம், தொண்டைப் புற்றுநோய் ஆகியவற்றால் விழுங்க இயலாதவர்களுக்கு இக்குழாய் பொருத்தப்படுகிறது. எண்டோஸ்கோப்பி உதவியுடன் பொருத்தும் 'பெக்' முறை 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மருத்துவர்கள் காடரர், பொன்ஸ்கி ஆகியோரால் முதன்முதலில் மேற்கொள்ளப்பட்டது. தமிழில் 'உணவுக்குழாய்' என்றால் தொண்டையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் உடலுறுப்பையே குறிக்கும். எனவே மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைக்கும்போது, கழன்றது வயிற்றுக் குழாயா, மூக்குக் குழாயா என்று தெளிவாகக் கூறுவது நல்லது.

வயிற்றுக் குழாயைப் பொறுத்தவரை, அது எப்போது பொருத்தப்பட்டது என்பதே முதல் கேள்வி. இரைப்பைக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே உறுதியான பாதை உருவாகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். உடல் நலிந்தவர்களுக்கு மேலும் தாமதமாகலாம். அதற்கு முன் கழன்ற குழாயை மீண்டும் செலுத்த முயன்றால், அது இரைப்பைக்குள் செல்லாமல் வயிற்றறைக்குள் நுழைந்துவிடக்கூடும். அதன் வழியே உணவு செலுத்தப்பட்டால் உயிருக்கு ஆபத்தான தொற்று ஏற்படும்.

குழாய் கழன்றவுடன் உணவு, தண்ணீர், மருந்து ஆகியவற்றைச் செலுத்துவதை நிறுத்த வேண்டும். மருத்துவர் அனுமதிக்காமல் வாய் வழியாகவும் எதையும் கொடுக்கக் கூடாது. துளையைச் சுத்தமான துணியால் மூடி, கழன்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, கழன்ற குழாயையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும். குழாயின் அளவையும், அதன் பகுதி ஏதேனும் உள்ளே தங்கிவிட்டதா என்பதையும் மருத்துவர் அதைப் பார்த்தே அறிவார். இன்சுலின் அல்லது வலிப்பு மருந்து பெறுபவர் என்றால் அதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். உணவின்றி இன்சுலின் மட்டும் செலுத்தினால் சர்க்கரை அளவு அபாயகரமாகக் குறையும்.

பழைய துளை மூடாமலிருக்க மாற்றுக் குழாயைச் செருகி வைக்கச் சில குடும்பங்களுக்கு மருத்துவமனையே பயிற்சி அளிப்பதுண்டு. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே இதைச் செய்யலாம். அப்போதும் குழாய் சரியான இடத்தில் உள்ளது என உறுதியாகும்வரை உணவு செலுத்தக் கூடாது. சிறுகுடலில் பொருத்தப்பட்ட குழாய்க்கு இது பொருந்தாது.

மூக்கு வழியே செல்லும் 'ரைல்ஸ் டியூப்' பாதி வெளியே வந்திருந்தாலும் உணவை நிறுத்தி, நோயாளியை நிமிர்த்தி அமர வைக்க வேண்டும். மீண்டும் தள்ளினால் அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும். காற்றைச் செலுத்தி வயிற்றில் ஒலி கேட்கும் பழைய சோதனை நம்பகமானதன்று. அமிலத்தன்மைச் சோதனையோ எக்ஸ்ரேயோதான் உறுதிப்படுத்தும்.

கேம்ப் பகுதியில் கோலிபார் மைதானம் அருகே கன்டோன்மென்ட் பொது மருத்துவமனையும், புனே ரயில் நிலையம் அருகே அரசு சசூன் மருத்துவமனையும் உள்ளன. குழாய் பொருத்திய மருத்துவமனை தொலைவில் இருந்தால், எங்கு செல்வது என்பதை அங்கேயே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்வது இரவு நேர அலைச்சலைக் குறைக்கும். கடும் வயிற்று வலி, இரத்தக் கசிவு, மூச்சுத்திணறல் இருந்தால் 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்.