கரண்ட் போகல, யாரும் ஆஃப் பண்ணல... 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆனது ஏன்?

பேரையூரில் ஒரு ஜெராக்ஸ் கடை. பாதி வேலையில் கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் முதலில் நிமிர்ந்து பார்ப்பது ஃபேனைத்தான். ஃபேன் ஓடினால் கரண்ட் போகவில்லை. அடுத்த சந்தேகம் யுபிஎஸ் மேல். அதுவும் சரியாக இருந்தால்தான் மெஷினுக்குள் தேட வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் சர்வர் திடீரென ரீபூட் ஆனாலும் இதே முறைதான். ஒவ்வொரு சந்தேகமாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இதற்குச் சரியான உதாரணம், 2024 ஜூலை 19 அன்று நடந்த கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவம்.

அன்று நடந்தது என்ன?

வெள்ளிக்கிழமை காலை, இந்திய நேரப்படி 9.39 மணி. அதன் பிறகு உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் சர்வர்களும் நீலத் திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. ஆன் ஆனதும் மீண்டும் அதே நீலத் திரை, மீண்டும் ரீஸ்டார்ட். விமானங்கள் ரத்தாகின. இந்தியாவில் சில பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். சுமார் 85 லட்சம் கருவிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் பின்னர் கணக்கிட்டது. மொத்த விண்டோஸ் கருவிகளில் இது 1 சதவீதத்துக்கும் குறைவு.

முதலில் யார் மேல் சந்தேகம்?

'சைபர் அட்டாக்கா இருக்குமோ?' என்பதுதான் பலரின் முதல் கேள்வி. இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் கிளவுட் சேவை அமெரிக்காவின் ஒரு பகுதியில் முடங்கியிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் இரண்டும் தனித்தனி கோளாறுகள்.

துப்பு கொடுத்தது நீலத் திரைதான். கோளாறான ஃபைலின் பெயர் 'சிஎஸ்ஏஜென்ட்' என்று அதிலேயே இருந்தது. அது கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் 'ஃபால்கன்' என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பகுதி. அந்த மென்பொருள் இல்லாத கம்ப்யூட்டர்கள் தப்பித்தன. அது இருந்தும் மேக், லினக்ஸ் கருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் 9.39-க்கு விண்டோஸ் கருவிகளுக்கு ஒரு அப்டேட் அனுப்பியிருந்தது. 10.57-க்கு அதைத் திரும்பப் பெற்றது. மொத்தம் 78 நிமிடங்கள்தான்.

குற்றவாளி கிடைத்தாச்சு, காரணம்?

'யார்' என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. 'ஏன்' என்பதற்கான முழு அறிக்கை ஆகஸ்ட் 6 அன்றுதான் வந்தது.

அந்த அப்டேட் 21 தகவல்களைச் சரிபார்க்கச் சொன்னது. ஆனால் மென்பொருளுக்கு வந்து சேர்ந்தவை 20 மட்டுமே. 20 இலை போட்ட பந்தியில் 21-வது இலைக்கு சாம்பார் ஊற்றப் போன கதை. மெமரியில் தனக்கு உரிமையில்லாத இடத்தை மென்பொருள் படிக்கப் போனது. அது இயங்கியது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில். அங்கே இப்படி நடந்தால், டேட்டா கெட்டுப்போகாமல் இருக்க விண்டோஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அந்த நிறுத்தம்தான் நீலத் திரை.

டெஸ்டிங்கில் ஏன் சிக்கவில்லை? அதுவரை 21-வது இடத்தில் 'எது வந்தாலும் ஓகே' என்ற குறியே இருந்தது. அதனால் அந்த இடத்தை மென்பொருள் எட்டிப் பார்க்கவே இல்லை. பிப்ரவரியில் வந்த பிழை ஜூலை வரை தூங்கியது.

ரீஸ்டார்ட் பண்ணா சரியாகிடுமா?

இந்த முறை பெரும்பாலான கருவிகளுக்கு அது பலிக்கவில்லை. ஒவ்வொரு மெஷினையும் சேஃப் மோடில் திறந்து, அந்த அப்டேட் ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டு இருந்த இடங்களில் அதற்கான கீயும் தேவைப்பட்டது. பிழையான அப்டேட் 78 நிமிடங்களில் போய்விட்டது. சரிசெய்யும் வேலை பல நாள் இழுத்தது.

உங்கள் சர்வர் ரீபூட் ஆனால்?

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் என்றால் ஈவன்ட் வியூவரைத் திறங்கள். 1074 என்ற எண் இருந்தால், யாரோ ஒருவரோ ஏதோ ஒரு மென்பொருளோ கேட்டு நடந்த ரீஸ்டார்ட். பல நேரங்களில் அது அப்டேட்டாகவே இருக்கும். 41 அல்லது 6008 இருந்தால், முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்று அர்த்தம். ஆனால் 41 என்பது விளைவுதான், காரணம் அல்ல. கரண்ட், சூடு, மெமரி, டிரைவர் என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். நீலத் திரை வந்திருந்தால் 1001 என்ற பதிவையும், சேமிக்கப்பட்ட டம்ப் ஃபைலையும் பாருங்கள். அந்த ஃபைலை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

கடைசியாக, 'நேத்து வரை நல்லாத்தானே ஓடுச்சு' என்று யாராவது சொன்னால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் எது மாறியது?