உங்களுக்குத் தெரியுமா? – ஆய்வகத்தில் விளையும் வைரம்

நிச்சயதார்த்த மோதிரத்தில் பதிக்கும் ஆய்வக வைரம் போலிக் கல் அல்ல, அசல் வைரமேதான். மெல்லிய வைரச் சில்லை ‘விதை’யாக வைத்து, மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களைப் பிளாஸ்மாவாக்கினால், கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காகப் படிந்து சில வாரங்களில் கல் வளர்ந்துவிடும். சூரத்தில் இது பெருந்தொழில். சென்னை ஐஐடியின் ஆராய்ச்சிக்கு 2023-ல் மத்திய அரசு ஐந்தாண்டுகளுக்கென ஒதுக்கியது சுமார் 242 கோடி ரூபாய்!

சுரங்கமும் ரத்தக்கறையும் இல்லாதது பெரிய ஆறுதல். ஆனால், வைரம் வளர்க்கும் உலைகள் மின்சாரத்தை விழுங்குபவை. அது நிலக்கரி மின்சாரமா, சூரிய மின்சாரமா? கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறு கடை பாருங்கள். கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணை லென்ஸில் பார்த்து, சான்றிதழோடு ஒப்பிடுங்கள். மறுவிற்பனையில் பெரிதாக விலை கிடைக்காது. முதலீடாக நினைத்து வாங்காதீர்கள்.