பத்தியின் அகலமும் சம்பளச் சீட்டும்



முன்பெல்லாம் தோட்டத்துக் கிராணியார் செக்ரோல் புத்தகத்தைக் கையால் எழுதினார். பெயர் நீண்டுவிட்டால் எழுத்தைக் குறுக்கியோ, கோட்டைத் தாண்டியோ எழுதி முடித்துவிடுவார். அந்தப் பட்டியலைக் கணினி தயாரிக்கும்போது அதற்குக் கோட்டைத் தாண்டத் தெரியாது. எந்தப் பத்திக்கு எவ்வளவு அகலம் என்று ஒருவர் கட்டளை எழுதி வைக்க வேண்டும். அவர் கஞ்சத்தனம் செய்தால் என்ன ஆகும்?

சுப்பிரமணியம் ஏ/எல் வெங்கடாசலம் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரூமியில் எழுதினால் இடைவெளியும் சேர்த்து 29 எழுத்து வரும். பெயர்ப் பத்திக்கு 20 எழுத்துதான் இடம் என்றால், தகப்பனார் பெயர் 'வெங்க' என்பதோடு நின்றுவிடும். அதே தோட்டத்தில் வெங்கட்ராமன் மகன் சுப்பிரமணியம் ஒருவர் இருந்தால் சீட்டில் இருவரும் ஒருவரே!

எண்களின் கதை வேறு. எக்செல் போன்ற கணக்குத்தாளில் தொகைக்கு இடம் போதாவிட்டால் கட்டம் முழுவதும் வேலிபோல '####' என்று வரும். சீட்டில் இதைக் கண்டு பதற வேண்டியதில்லை. உள்ளே தொகை அப்படியே இருக்கிறது; பத்தியை அகலப்படுத்தி மறுபடி அச்சிட்டால் தெரிந்துவிடும். ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியும் இப்படித்தான், இடம் போதாவிட்டால் நட்சத்திரக் குறிகளை இட்டு நிரப்பும்.

நமக்கு அச்சம் தருவது சத்தமில்லாமல் வெட்டும் முறைதான். 1959-ல் அமெரிக்காவில் உருவாகத் தொடங்கிய கோபால் மொழியை எடுத்துக்கொள்வோம். (பெயர் நம் வீட்டுப் பிள்ளை பெயர்போல ஒலிக்கிறது, அது ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்.) அதில் மூன்று இலக்கத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கி, 1250 வெள்ளியை அங்கே நகர்த்தினால் முன்னால் உள்ள 1 உதிர்ந்து 250 நிற்கும். வேலியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பார்ப்பவருக்கு அது முறையான தொகையாகவே தோன்றும்.

கணக்குத்தாளில் அகலம் வைப்பது கடினமல்ல. 'ஏ பத்தியின் அகலம் 32' என்று ஒரு வரிக் கட்டளை போதும். அந்த 32 என்பது அங்குலமல்ல; சாதாரண எழுத்தில் 32 பூச்சியங்களை வரிசையாக வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவு. ஒன்றும் சொல்லாவிட்டால் எக்செல் சுமார் எட்டரை எழுத்துக்குத்தான் இடம் தரும். பலர் 'பெயர்' என்ற தலைப்பைப் பார்த்தே அகலம் வைத்துவிடுகிறார்கள். தலைப்பு சிறியது, ஆட்களின் பெயர் பெரியது. பத்தி முழுவதையும் மேலிருந்து கீழ்வரை படித்து, மிக நீளமான பெயரைக் கண்டுபிடித்து, இரண்டெழுத்து கூட்டி அகலம் வைக்கும்படி கட்டளை எழுத வேண்டும். அவசர வேலையில் இதை விட்டுவிடுகிறவர்களே அதிகம் என்பது நம் எண்ணம்.

அகலத்தால் தீராத கோளாறும் ஒன்று உண்டு. அடையாளக் கார்டு எண் 12 இலக்கம் கொண்டது. 2005-ல் பிறந்த பிள்ளைக்கு அது 05 என்று தொடங்கும். இடைக்கோடு இல்லாமல் அதைத் தட்டினால் கணக்குத்தாள் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்பூச்சியத்தை விழுங்கிவிடும். 11 இலக்கமே மிஞ்சும். பத்தியை எவ்வளவு விரித்தாலும் பூச்சியம் திரும்பாது. தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'எழுத்து' வகை என்று குறித்துவிட வேண்டும். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் கைக்கு வந்தால் இலக்கங்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.