ஒரே அச்சில் வார்க்கப்படும் முகங்கள்

2006-ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவிலிருந்து நாடு திரும்பிய இளம் நடிகர் ஒருவர் இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். குவாண்டனாமோவில் அடைக்கப்பட்டு, வழக்கேதுமின்றி விடுவிக்கப்பட்ட பிரிட்டிஷ் முஸ்லிம் இளைஞர் மூவரின் கதையில் நடித்திருந்தார் அவர். அப்படம் அவ்விழாவில் வெள்ளிக் கரடி விருது பெற்றிருந்தது. ஆயினும், முஸ்லிம்களின் போராட்டத்திற்காகவா நடிகரானீர் என்றே அதிகாரிகள் விசாரித்தனராம்!

அவர்தாம் ரிஸ் அகமது. பாகிஸ்தானியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்றவர். விமான நிலைய விசாரணை அறையும் நடிகர் தேர்வு அறையும் ஒன்றே என 2016-இல் கட்டுரை எழுதினார். இரண்டிலும் தம்மைப் போன்ற தோற்றமுடையோரே கலக்கத்துடன் காத்திருப்பர். இரண்டிலும் வாய் திறக்குமுன் முகம் தீர்ப்புப் பெற்றுவிடும்.

திரைப்படம் பார்க்குமாறு நான் எவரையும் தூண்டவில்லை. ஆனால் நம் பிள்ளைகளை உலகம் எந்தக் கண்ணாடி வழியே பார்க்கிறது என்பதை அறிந்துகொள்வதில் தவறில்லை அல்லவா? அரபு வம்சாவளி அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் ஷாஹீன் 900-க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து 2001-இல் நூல் வெளியிட்டார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் அரபியர் இழிவாகவே காட்டப்பட்டிருந்தனர்.

இவ்வார்ப்பு எவ்வாறு நிலைபெறுகிறது? தேர்வாளருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. முன்பு கண்ட முகத்தோடு ஒப்பிடுவது அவருக்கு எளிது. வீட்டு வாடகை செலுத்த வேண்டிய நடிகர் மறுக்கத் துணிவதில்லை. ஒருமுறை நடித்துவிட்டால் அதுவே அவருடைய முகவரி!

ரிஸ் இதனை மூன்று படிகளாகக் காண்கிறார். முதற்படி பயங்கரவாதி, வாடகைக் கார் ஓட்டுநர், மூலைக் கடைக்காரர். இரண்டாவது, அதே களத்தில் நின்று அந்தப் பிம்பத்தை உடைக்கும் வேடம். மூன்றாவது, இனத்தோடு கதை பிணைக்கப்படாத வெறும் மனிதன். செவிப்புலனை இழக்கும் மத்தள இசைஞராக 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' படத்தில் நடித்தபோது அப்படியை எட்டினார். 2021-இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் முஸ்லிம் என்றும் பெயர் பெற்றார்.

இதை எழுதும்போது எனக்கே உறுத்துகிறது. எங்கள் மதரஸா ஆண்டு விழா நாடகத்தில் மூன்றாண்டுகளாகத் திருடன் வேடத்தை ஒரே மாணவனுக்கே அளித்து வந்தேன். கரிய, உயர்ந்த உருவம். வேறு காரணம் ஏதுமில்லை. "ஹஜ்ரத், இந்த வருடமும் நான்தானா?" என்று அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். இம்முறை காஜியின் வேடம் அவனுக்கு. நீண்ட வசனம், மனனம் செய்துகொண்டிருக்கிறான்.