காருக்குப் பின்னால் ஓடும் வீடு!

அமெரிக்காவில் கோடைக்காலம் வந்துவிட்டால் போதும். சாலைகளில் வீடுகள் ஓடத் தொடங்கிவிடும்!

ஆம், வீடுகள்தான். சுவர் உண்டு. ஜன்னல் உண்டு. அடுப்பு, கட்டில், மேஜை, குளியல் அறை எல்லாம் உண்டு. அடியில் சக்கரமும் உண்டு. ஆனால் எஞ்சின் கிடையாது. டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் பூட்டுவதுபோல, இந்த வீட்டைக் காருக்குப் பின்னாலோ, "பிக்கப்" என்ற சிறிய லாரிக்குப் பின்னாலோ பூட்டிவிடுவார்கள். கணவன், மனைவி, குழந்தைகள் எல்லோரும் காரில் உட்காருவார்கள். வீடு பின்னால் வரும். மலையடிவாரத்திலோ, ஏரிக்கரையிலோ நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள்.

இப்படி ஊர் சுற்றுவதில் அமெரிக்கர்களுக்குத் தனி ஆசை. 1959ஆம் ஆண்டில் வாலி பையம் என்ற டிரெய்லர் முதலாளி, 41 டிரெய்லர்களைத் திரட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டார்! தென்கோடியில் உள்ள கேப் டவுன் நகரில் புறப்பட்டு, 1960ல் எகிப்து நாட்டுத் தலைநகரான கெய்ரோவைப் போய்ச் சேர்ந்தார்கள்.

சரி, காரையும் வீட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது?

ஓர் இரும்பு உருண்டை. பெரிய எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும்! காரின் பின்புறம் அந்த உருண்டை நிற்கும். டிரெய்லரின் மூக்கில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு பூட்டு இருக்கும். கிண்ணத்தை உருண்டைமேல் கவிழ்த்துப் பூட்டினால் வேலை முடிந்தது. பெரிய டிரெய்லர் 30 அடி நீளம் இருக்கும். மூன்று டன், நாலு டன் எடை இருக்கும். அத்தனையும் அந்த உருண்டையை நம்பித்தான் ஓடுகிறது.

பாம்புபோல் நெளியும்

வண்டி மணிக்கு 60 மைல் வேகத்தில் போகிறது. பக்கத்தில் ஒரு பெரிய லாரி "விர்"ரென்று கடந்து போகிறது. அந்தக் காற்று டிரெய்லரின் பக்கச் சுவரில் மோதுகிறது. டிரெய்லர் ஒரு பக்கம் ஒதுங்குகிறது.

என்ன ஆகும் தெரியுமா?

காரின் பின் சக்கரங்களுக்கும் இரும்பு உருண்டைக்கும் நடுவில் நாலைந்து அடி தூரம் இருக்கிறது. டிரெய்லர் உருண்டையை இடப்பக்கம் தள்ளினால், காரின் பின்பகுதி இடப்பக்கம் போகும். முன்பகுதி வலப்பக்கம் திரும்பும். ஓட்டுகிறவர் சக்கரத்தைத் திருப்பவே இல்லை. பின்னால் வருகிற வீடு காரைத் திருப்பிவிட்டது! அவர் பதறிப்போய் மறுபக்கம் திருப்புகிறார். டிரெய்லர் அந்தப் பக்கம் சாய்கிறது. இப்படி இங்கும் அங்குமாக ஆட்டம் தொடங்குகிறது. வேகம் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரியது. சில விநாடிகளில் காரும் வீடும் சாலைக்குக் குறுக்கே புரண்டுவிடும். குடும்பமே அதற்குள் இருக்கிறது!

இந்த ஆட்டத்தை அடக்கத்தான் விதவிதமான இணைப்புகளைக் கண்டுபிடித்தார்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டே கேள்விகள்தான். வண்டி வளைகிற இடம் எங்கே இருக்க வேண்டும்? பாரத்தை யார் சுமப்பது?

முன்பாரமும் பின்பாரமும்

இரண்டாவது கேள்விக்கு நம் ஊர் வண்டிக்காரரே பதில் சொல்லிவிடுவார். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது அவர் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் ஏர்க்கால் மேலே தூக்கும். பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும்.

டிரெய்லருக்கும் அதே கணக்கு. பின்பாரம் இருந்தால் ஆட்டம் நிச்சயம். அதனால் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை முன்னால் உருண்டைமேல் உட்கார வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 3,000 கிலோ டிரெய்லர் என்றால், 300 முதல் 450 கிலோ வரை காரின் வால்பக்கம் ஏறும்.

அங்கேதான் வம்பு! நாலைந்து பேர் பின்னால் தொத்திக்கொண்டு நிற்பதுபோல் காரின் பின்பகுதி அமுங்கும். முன்பகுதி தூக்கிக்கொள்ளும். காரைத் திருப்புவது முன் சக்கரங்கள்தானே? அவை தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால், சொன்ன பேச்சைக் கேட்குமா?

இதற்கு ஒரு வழி கண்டார்கள். உருண்டைக்கு அடியிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகளைப் பின்னால் நீட்டினார்கள். அவற்றின் நுனியைச் சங்கிலியால் தூக்கி டிரெய்லரின் ஏர்க்காலில் மாட்டினார்கள். கம்பிகள் வில்போல் வளைந்து விறைத்து நிற்கும். தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்கினால் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது அல்லவா? அதே வித்தைதான். பின்னால் அமுங்கிய பாரத்தில் ஒரு பங்கு காரின் முன் சக்கரங்களுக்கும், இன்னொரு பங்கு டிரெய்லரின் சக்கரங்களுக்கும் போய்விடும்.

இந்தக் கம்பிகளின் பலத்தைக் காட்ட 1960களில் ஒரு வேடிக்கை செய்தார்கள். ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோ என்ற கார் முன் சக்கரங்களால் இழுக்கும் கார். அதன் பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிவிட்டார்கள்! டிரெய்லரைப் பூட்டி, கம்பிகளை விறைப்பாக மாட்டி, காரை ஓட்டிக் காட்டினார்கள். காரின் பின்பகுதி தரையைத் தொடாமல் அந்தரத்தில் போயிற்று. வீட்டில் யாரும் செய்து பார்க்கக்கூடாத வேடிக்கை!

விமானக்காரர் செய்த வித்தை

கம்பிகள் பாரத்தைப் பங்கு போட்டன. வளைகிற இடம் அப்படியேதான் இருந்தது. அந்த இடத்தையே மாற்றினால் என்ன?

லாரிக்காரர்கள் இதற்கு முன்பே வழி கண்டிருந்தார்கள். 1914ல் டெட்ராய்ட் நகரத்தில் ஆகஸ்ட் புருஹாப் என்று ஒரு கொல்லர் இருந்தார். ஒரு மர வியாபாரி தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டார். புருஹாப் இரண்டு சக்கர வண்டி ஒன்று செய்தார். அதன் பின்பகுதி தன் சக்கரங்கள்மேல் நின்றது. முன்பகுதி போர்டு காரின்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது! இன்று நாம் பார்க்கும் நீண்ட டிரெய்லர் லாரிகளுக்கு அதுதான் ஒரு முன்னோடி.

இதைக் குடும்பங்கள் தங்கும் வண்டிக்குக் கொண்டுவந்தவர் கிளென் கர்ட்டிஸ். சாதாரண ஆசாமி அல்ல. 1907ல் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 136 மைல் வேகத்தில் பறந்தவர். 1908 ஜூலை 4ந் தேதி, ஊரார் கூடிப் பார்க்க, ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகாய விமானம் ஓட்டிப் பரிசு வாங்கியவர்.

1920களின் பிற்பகுதியில் அவர் புளோரிடா மாநிலத்தில் "ஏரோகார்" என்ற டிரெய்லரைச் செய்தார். விமானத்தைப்போலவே மெல்லிய மரச்சட்டம். அதைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார். அதிசயம் அதன் இணைப்பில்தான் இருந்தது. காற்றடைத்த டயர் ஒன்றைக் காரின் பின்பகுதியில் படுக்க வைத்தார்! அதன் நடுவில் டிரெய்லரின் முளை இறங்கி உட்கார்ந்தது. பாரம் காரின் வாலில் தொங்காமல் பின் சக்கரங்களுக்கு அருகில் வந்துவிட்டது. சாலைக் குலுக்கலையும் டயர் வாங்கிக்கொண்டது. டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளினாலும் காரைத் திருப்ப அதற்குப் பிடி கிடைக்கவில்லை.

கர்ட்டிஸ் 1930ல் தம் 52வது வயதில் இறந்துபோனார். அவர் வழி மறையவில்லை. இன்றைக்கும் மிகப் பெரிய டிரெய்லர்கள் பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் ஏறித்தான் பூட்டிக்கொள்கின்றன. "ஐந்தாவது சக்கரம்" என்று அந்த இணைப்புக்குப் பெயர். குதிரை வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வசமாக ஒரு வளையம் வைப்பார்கள். நாலு சக்கர வண்டியில் அது ஐந்தாவது! அந்தப் பழைய பெயரே இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இல்லாத இடத்தில் ஒரு கீல்

தொட்டி இல்லாத கார் என்ன செய்யும்? நடு வீட்டுக்குள் முளையை இறக்க முடியுமா?

ஒரு வகையில், காருக்கு அடியில் நீண்ட இரும்புக்கை வைத்தார்கள். அதன் கீல் பின் அச்சை ஒட்டி இருக்கும். வாலில் உருண்டை இருந்தாலும், அது நிலையாக நிற்காது. வளைந்த தண்டவாளம் ஒன்றில் இப்படியும் அப்படியும் நகரும். வண்டி உண்மையில் வளைவது அச்சுக்குப் பக்கத்தில்!

ஜிம் ஹென்ஸ்லி என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1990களில் விற்பனைக்கு வந்த அவருடைய இணைப்பில், உருண்டைக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒரு கனத்த இரும்புப் பெட்டி இருக்கிறது. அதில் இரண்டு இரும்புத் துண்டுகள் சற்றுச் சாய்வாக நிற்கின்றன. அந்த இரண்டையும் கோடு கிழித்து முன்னால் நீட்டிக்கொண்டே போனால், காரின் பின் அச்சுக்கு அருகில் ஒரே புள்ளியில் சந்திக்கும். அங்கே ஆணி இல்லை, கீல் இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனாலும் டிரெய்லர் அந்த வெற்றுப் புள்ளியைச் சுற்றித்தான் திரும்புகிறது! கார் திரும்பினால் டிரெய்லர் கீழ்ப்படிந்து பின்னால் வரும். டிரெய்லர் தள்ளினால் கார் அசையாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவைப்போல.

இவ்வளவு கெட்டிக்காரத்தனத்துக்கு விலை உண்டு. அந்தக் கருவி கிட்டத்தட்ட ஓர் ஆள் எடை. விலை ஆயிரக்கணக்கான டாலர். பூட்டும்போது காரை அங்குலம் அங்குலமாக நகர்த்தி நேர்கோட்டில் நிறுத்த வேண்டும். மழையில் நின்றுகொண்டு கை ஜாடை காட்டும் மனைவிக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்!

நடுவில் ஒரு குட்டி வண்டி

கடைசியாக, "டாலி" என்ற குட்டி வண்டி. காருக்கும் டிரெய்லருக்கும் நடுவில், ஒற்றை அச்சில் ஓடும் சிறு வண்டி இது. பார்த்தவுடன் எவருக்கும் பிடித்துவிடும். டிரெய்லரின் முன்பாரத்தைக் குட்டி வண்டி சுமக்கும். காரின் வால் அமுங்காது. பேஷ், எவ்வளவு சுலபம்!

ஆனால் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு வகை டாலி, காருடன் இரண்டு இடங்களில் பிணைக்கப்பட்டிருக்கும். மேலும் கீழும் மடங்கும், பக்கவாட்டில் மடங்காது. அதன் சக்கரங்கள், நாற்காலிக்கு அடியில் சுழலும் உருளைகளைப்போல எந்தப் பக்கமும் திரும்பும். பாரத்தைச் சுமக்க இது நல்ல சாதனம். அதே சமயம், உருண்டை காரின் பின் அச்சிலிருந்து இன்னும் சில அடி தள்ளிப் போய்விடுகிறது! நீளமான கடப்பாரையால் நெம்பினால் பெரிய பாறையும் அசையும். அதுபோல, பக்கவாட்டில் தள்ளுகிற டிரெய்லருக்கு நீளமான நெம்புகோல் கிடைத்துவிடுகிறது. கர்ட்டிஸ் முன்னே கொண்டுவந்ததை இது பின்னே தள்ளுகிறது.

இன்னொரு வகை டாலி ஒரே கொக்கியில் மாட்டிக்கொண்டு வரும். அதில் வண்டி இரண்டு இடங்களில் வளையும். நேராகப் போகும்போது இரட்டை ஆட்டத்துக்கு இடம் உண்டு. பின்னால் எடுக்கும்போதோ, முன் கீல் ஒரு பக்கம், பின் கீல் மறுபக்கம் என்று போகும். கைதேர்ந்த லாரிக்காரருக்கே வியர்த்துக்கொட்டும். இரட்டை வண்டி இழுப்பதற்கு அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் வேறு.

டாலி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். டாலி பாரத்தைச் சுமக்கும், வண்டியை நிறுத்தாது. நாலு டன் வீட்டை மலை இறக்கத்தில் பிடித்து நிறுத்த வேண்டியது காரின் பிரேக்கும் டிரெய்லரின் பிரேக்கும்தான். காரைச் செய்த கம்பெனி, "இவ்வளவுதான் இழுக்கலாம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறதே, அந்தக் கணக்கை எந்தக் குட்டி வண்டியும் மாற்றாது. பின்பக்கம் நாலு சைக்கிளைக் கட்டித் தொங்கவிட்டு, பின்பாரம் ஏற்றிய டிரெய்லரை எந்த இணைப்பும் நல்ல டிரெய்லர் ஆக்கிவிடாது.

ஆட்டம் வந்துவிட்டால்?

முதலில், கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. கார் நிற்கப் பார்க்கும். பின்னால் வருகிற வீடு முட்டித் தள்ளும். வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஆட்டத்துக்கு எதிராகச் சக்கரத்தை வெட்டித் திருப்பவும் கூடாது. நேராகப் பிடித்துக்கொண்டு, காலை மெதுவாக எடுக்க வேண்டும்.

ஓட்டுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறு பிடி இருக்கும். அது டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கும். அதை நிதானமாக அழுத்தினால், டிரெய்லர் பின்னுக்கு இழுக்கும். இணைப்பு விறைத்து, வண்டிகள் இரண்டும் ஒரே கோட்டுக்கு வரும். பிறகு சாலை ஓரமாக நிறுத்தி, இறங்கிப்போய், உள்ளே மூட்டைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கனமான பெட்டி ஒன்று வீட்டின் கடைசிக் கட்டிலுக்கு அடியில் இருக்கும்.