‘42-ஐ மூடு’ என்றால் எதை மூடுவது?

மென்பொருள் நிரல்களை வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹப்பில் பதிவாகும் ஒவ்வொரு இஷ்யூவுக்கும் இரண்டு எண்கள் உண்டு. திரையில் தெரிவது 42 மாதிரி ஒரு சின்ன எண். அது அந்த ரெப்போவுக்குள், அதாவது அந்த ஒரு நிரல் களஞ்சியத்துக்குள், மட்டும் செல்லும். உள்ளே டேட்டாபேஸில் இருப்பது வேறொரு நீளமான எண். ‘42-ஐ மூடிடு’ என்று பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொன்னால் குழப்பம் வராது. ஏஐ ஏஜென்ட்டுக்குக் கொடுத்த டூலில் ‘இஷ்யூ ஐடி’ என்று மொட்டையாக எழுதியிருந்தால், எந்த எண்ணை அனுப்புவது என்று அதுவே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மென்பொருளில் என்ன பிழை, யார் பார்க்கிறார், எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் பதிவேடுதான் இஷ்யூ டிராக்கர். மொஸில்லாவின் பக்ஸில்லா 1998-இல் வந்தது, ஜிரா 2002-இல். இத்தனை காலம் பெரும்பாலும் மனிதர்களே எழுதிவந்த அந்தப் பதிவேட்டில் இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளும் கைவைக்கின்றன. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மாடல்களுக்கு வெளி ஃபங்ஷன்களை, அதாவது டூல்களை, அழைக்கும் வசதியைக் கொடுத்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. என்ற பொது நெறிமுறை இதை இன்னும் சுலபமாக்கியது. அடுத்த ஆண்டே கிட்ஹப்பும், ஜிராவை நடத்தும் அட்லாசியனும் தங்கள் எம்.சி.பி. சர்வர்களைக் கொண்டுவந்துவிட்டன.

டூலுக்குப் பின்னால் ஓடும் நிரல் மாடலின் கண்ணில் படுவதில்லை. அதன் கைக்கு வருவது டூலின் பெயர், சில வரி விளக்கம், என்னென்ன விவரம் அனுப்ப வேண்டும் என்ற பட்டியல். அவ்வளவுதான். டூலை எழுதியவருக்குத் தெரிந்த மற்றதெல்லாம் அவர் தலையிலேயே தங்கிவிடுகிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

‘இஷ்யூக்களைப் பட்டியலிடும்’ என்று ஒரு டூலுக்கு விளக்கம் எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ‘எத்தனை பிழை பாக்கி?’ என்று மேலாளர் கேட்கிறார். ‘30’ என்கிறது ஏஜென்ட். பாக்கி 400 இருந்தாலும் அதே 30தான் வரும். காரணம், கிட்ஹப் ஏ.பி.ஐ. வேறெதுவும் கேட்காதவரை ஒரு பக்கத்துக்கு 30 மட்டுமே தரும். கேட்டால்கூட 100-ஐத் தாண்டாது. போதாக்குறைக்கு, கிட்ஹப்பின் கணக்கில் புல் ரெக்வெஸ்ட்டும் (நிரல் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) ஒரு இஷ்யூதான் என்பதால் அவையும் அந்த முப்பதில் கலந்திருக்கும். இதையே இப்படி எழுதலாம்: ‘ஒரு ரெப்போவில் திறந்திருக்கும் இஷ்யூக்களைப் பக்கம் பக்கமாகத் தரும். ஒரு பக்கத்துக்கு 30. புல் ரெக்வெஸ்ட்டுகளும் சேர்ந்து வரும். மொத்த எண்ணிக்கை தெரிய வேண்டுமானால் இது வேண்டாம். தேடல் டூலை அழைக்கவும்.’ எதற்கு இந்த டூல் ஆகாது என்று சொல்லும் கடைசி வரியைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள்.

எண்ணிக்கை தப்பினால் மறுபடி எண்ணிக்கொள்ளலாம். லேபிள் விஷயம் அப்படியல்ல. கிட்ஹப்பில் இஷ்யூவைத் திருத்தும் அழைப்பில் லேபிள்களை அனுப்பினால், பழையவற்றோடு அவை சேராது. பழையவை போய்ப் புதியவை மட்டும் நிற்கும். சேர்ப்பதற்கென்று தனி அழைப்பு இருக்கிறது. விளக்கத்தில் இது இல்லாவிட்டால், ‘அவசரம்னு ஒரு லேபிள் போடு’ என்ற சாதாரண வேலையில் மற்ற லேபிள்கள் எல்லாம் காணாமல் போய்விடும். ஏஜென்ட்டோ ‘முடித்துவிட்டேன்’ என்று பவ்யமாகப் பதில் சொல்லும்.

ஜிராவின் வம்பு வேறு மாதிரி. அங்கே டிக்கெட்டின், அதாவது இஷ்யூவின், நிலையை நினைத்தபடி ‘முடிந்தது’ என்று மாற்றிவிட முடியாது. அந்த டிக்கெட்டுக்கு இப்போது எந்தெந்த மாற்றங்களுக்கு அனுமதி உண்டு என்று முதலில் கேட்டு, கிடைத்த ஐடியை வைத்துத்தான் அடுத்த நிலைக்கு நகர்த்த வேண்டும். ஜிரா கிளவுடில் ஒருவர் பெயரில் டிக்கெட்டைப் போடவும் பெயர் போதாது, அவருடைய அக்கவுன்ட் ஐடி வேண்டும். ‘முதலில் அதை அழை, பிறகு இதை’ என்ற வரிசையை விளக்கமே சொல்லிவிட்டால் ஏஜென்ட் முட்டி மோத வேண்டியதில்லை.

சில வார்த்தைகளால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஆந்த்ரோபிக் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. தன் மாடலான கிளாடுக்கு இணையத் தேடல் டூலைக் கொடுத்தபோது, அது தேவையே இல்லாமல் தேடுசொற்களோடு ‘2025’ என்று சேர்த்துக்கொண்டே இருந்ததாம். தேடல் முடிவுகள் கெட்டன. டூலின் விளக்கத்தைத் திருத்தி எழுதித்தான் அதைச் சரிசெய்தார்கள்.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதிவிடவும் முடியாது. இணைத்த டூல்களின் விளக்கங்கள் எல்லாம் பொதுவாக உரையாடல் தொடங்கும்போதே மாடலின் நினைவகத்தில் இடம் பிடித்துக்கொள்கின்றன; ஒவ்வொரு வரிக்கும் டோக்கன் செலவு.

நல்ல விளக்கத்தாலும் அடைக்க முடியாத ஓட்டை ஒன்று இருக்கிறது. பொது ரெப்போவில் யார் வேண்டுமானாலும் இஷ்யூ எழுதலாம். அப்படி எழுதிய ஒன்றில் ரகசியக் கட்டளையை நுழைத்து, அதைப் படித்த ஏஜென்ட்டைக் கொண்டே பொதுவில் திறக்காத ரெப்போவின் விவரங்களை வெளியே கொண்டுவர முடியும் என்று 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் செய்து காட்டியது. அங்கே உதவுவது அனுமதிக் கட்டுப்பாடுதான்: ஏஜென்ட்டின் அணுகல் டோக்கனை ஒரே ரெப்போவோடு நிறுத்துவது, எழுதும் வேலை இல்லாதபோது கிட்ஹப் சர்வரைப் படிக்க மட்டுமான நிலையில் ஓட்டுவது.